நீங்க எனக்கு என்ன மொறை? மலையகத்தில் கூச்சம் உடைத்த விளையாட்டுகளின் கதை

போன வருசம் கொட்டகலை டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்த பயிற்சிப் பட்டறைக்கு எங்களில் நாலு பேர் போயிருந்தோம். கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார். நாற்பது பேர் இருந்தோம். பாதிப் பேர் தோட்டங்களில் கொழுந்து எடுக்கிற அக்காமார், மிச்சம் எங்களைப் போன்ற பொடியன்களும் பிள்ளைகளும். ஆளுக்கொரு அட்டையில் பேரை எழுதி நெஞ்சில் குத்தச் சொன்னார்கள். பிறகு பயிற்றுநர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்ப ஒரு ஐஸ் பிரேக்கர் செய்வோம். உங்க பேரோட ஒரு மிருகத்தின் பேரைச் சேர்த்துச் சொல்லணும். அந்த மிருகம் மாதிரி சத்தமும் போடணும்."

நாங்கள் பூனை, புலி, கோழி என்று ஏதோ சொல்லித் தப்பித்தோம். முறை ஒரு அக்காவிடம் வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு சத்தமில்லாமல் சொன்னார்: "தோட்டத்துல எனக்கு ஏற்கனவே நெறைய பேர் வச்சிருக்காங்க தம்பி. இன்னைக்கு ஒரு பேரை விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நீங்களும் ஒன்னு வைக்கணுமா?"

மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கான சம்பளமும்தான். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்' போடுவார்கள். அக்கா அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். மண்டபத்தில் ஐஸ் உடையவில்லை, இன்னும் கெட்டியாக உறைந்தது.

ஆனால் தேத்தண்ணி இடைவேளையில் பார்த்தால், அதே அக்கா பக்கத்திலிருந்த பிள்ளையிடம் "எந்தத் தோட்டம் நீ? ஒங்க அம்மாயி வீடு எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரெண்டே நிமிசத்தில் அந்தப் பிள்ளை அவருக்கு மருமகள் முறை ஆகிவிட்டாள். மூன்றாவது நிமிசம் இருவரும் ஒருவரையொருவர் கேலி பண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு வீடு திரும்புகிற பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொண்டதுதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம். தெரியாத ஆட்களைச் சேர்த்து வைக்கிற விளையாட்டு எங்களுக்குப் புதிதா? எங்கள் சனங்கள் இருநூறு வருசமாகத் தெரியாத ஆட்களோடேயே வாழ்ந்தவர்கள்தானே. அவர்கள் எப்படிக் கூச்சத்தை உடைத்தார்கள்?

ஐஸ் எங்கிருந்து வந்தது?

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'ஐஸ் வைக்கிறது' என்றால் முகஸ்துதி பண்ணிக் காரியம் சாதிப்பது. 'ஐஸ் உடைக்கிறது' எங்களுடையதல்ல. உறைந்த ஆற்றில் படகு போக வேண்டுமென்றால் யாராவது முதலில் பனிக்கட்டியை உடைத்து வழி பண்ண வேண்டும். அந்தக் குளிர் நாடுகளிலிருந்து வந்த பேச்சு இது. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் தொகுத்த லத்தீன் பழமொழிகளிலேயே இது இருக்கிறது. நமக்குத் தெரிந்த பனி வேறு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் விடியக்காலை உறைபனி விழுந்து கொழுந்தைக் கருக்கிவிடும். அதை யாரும் உடைக்க மாட்டார்கள், வெயில் ஏறும் வரை காத்திருப்பார்கள்.

பெரியவர்கள் கூடிக் கும்மாளமாக விளையாடுவது ஐரோப்பாவில் சாதாரண விசயமாக இருந்தது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய 'எ கிறிஸ்மஸ் கரோல்' கதையில் ஒரு விருந்து வருகிறது. அதில் வளர்ந்த ஆண்களும் பெண்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளைப் பிடிக்கிறார்கள். நம்முடைய கண்ணாமூச்சியேதான். அதே 1840களில் இங்கே மலைகளில் கோப்பித் தோட்டங்கள் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தன. அந்த விருந்துகளுக்குப் பழகிய வெள்ளைக்காரர்கள் தொரைமாராக வந்து, காட்டுக்குள் தனித்தனி பங்களாக்களில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் தனிமைதான். ஆகவே கிளப் கட்டிக்கொண்டார்கள். டிக்கோயாவில் டரவளை கிளப் 1868இலும், நுவரெலியாவில் ஹில் கிளப் 1876இலும் வந்தன. டென்னிஸ், கிரிக்கெட், சீட்டாட்டம், நடனம், விருந்து எல்லாம் அங்கே நடந்தன. புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய சின்னத் தொரைக்குக் கூச்சம் உடைகிற இடம் அதுதான். எங்கள் ஆட்கள் அந்தக் கிளப்புகளுக்குள் போனார்கள், தட்டு ஏந்திக்கொண்டு. 1948இல் நாடு சுதந்திரமடைந்த பிறகும் பல வருசங்களுக்கு ஹில் கிளப்பில் இலங்கையர் எவரும் உறுப்பினராக முடியவில்லை.

ஆனால் இன்றைக்குப் பட்டறைகளில் நடக்கிற ஐஸ் பிரேக்கர் அந்தக் கிளப்புகளிலிருந்து வந்ததல்ல. அதன் கதை எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. சிக்காகோவில் 1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தை ஆரம்பித்தார்கள். இத்தாலி, போலந்து, கிரேக்கம் என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியாது. அங்கே நேவா போய்ட் என்ற ஆசிரியர் விளையாட்டு மூலம் ஆட்களைச் சேர்க்கக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின் 1930களின் கடைசியில் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது, அந்த விளையாட்டுகளை நாடகப் பயிற்சியாக வளர்த்தார். அவருடைய புத்தகம் 1963இல் வந்தது. இன்று உலகமெங்கும் நாடகப் பட்டறைகளில் ஆடுகிற விளையாட்டுகளில் பலவற்றுக்கு அதுதான் வேர்.

இன்னொரு வேர் கர்ட் லெவின். யூதரான அவர் 1933இல் ஹிட்லரின் ஜேர்மனியை விட்டு அமெரிக்காவுக்குத் தப்பிப் போன உளவியலாளர். 1946இல் கனெக்டிகட் மாநிலத்தில் இனப் பகையைக் குறைப்பதற்காக ஒரு பட்டறை நடத்தினார். வட்டமாக உட்கார்ந்து, தங்கள் குழுவுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தாங்களே பேசிப் பார்க்கிற முறை அங்கே பிறந்தது. அடுத்த வருசம் அவர் இறந்துவிட்டார். அந்த முறையைப் பிறகு கம்பனிகள் எடுத்துக்கொண்டன, அரசாங்கங்கள் எடுத்துக்கொண்டன, கடைசியில் என்.ஜி.ஓ.க்கள் வழியாக எங்கள் ஊர் மண்டபத்துக்கும் வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹல் ஹவுஸ் விளையாட்டும் லெவினின் வட்டமும் பிழைக்க வந்தவர்களுக்காகவும் ஒதுக்கப்பட்டவர்களுக்காகவும் உண்டானவை. அதாவது நம்மைப் போன்றவர்களுக்காக. பின்னே ஏன் கொட்டகலையில் அது எங்கள் அக்காவைக் கூனிக் குறுக வைத்தது?

கழுத்தில் தகரம், வாயில் முறை

திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், ராமநாதபுரம், திருநெல்வேலி என்று பல ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர்கள் சேர்ந்து வந்ததும் உண்டு. ஆனால் லயத்தில் அடுத்த காம்பராவில் இருப்பவர் வேறு ஜில்லாவாகவும் இருப்பார். ஒரு இஸ்தோப்பு, பத்துக் குடும்பம். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பழகாமல் இருக்க முடியாது.

இவர்களை அடையாளம் காண நிர்வாகம் ஒரு வழி வைத்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகர டிக்கெட்' முறை வந்தது. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று எண்கள் குத்திய ஒரு தகரத் துண்டு. அதை மாட்டிக்கொண்டு மண்டபம் முகாமில் சில நாள் அடைபட்டுக் கிடந்து, மருந்தடித்து, சோதித்து, பிறகுதான் இக்கரைக்கு வருவார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பலும் ரயிலும் இணைந்த பிறகு பாதை சுலபமானது. ஹட்டன், கொட்டகலை தாண்டி நானுஓயா வரை கோச்சிப் பாதை 1885இலேயே வந்துவிட்டது. அதற்கு முந்தியவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

நெஞ்சில் குத்துகிற பேர் அட்டையைப் பார்த்தவுடன் எங்களுக்குத் தகர டிக்கெட் ஞாபகம் வந்தது. அக்காவுக்கும் வந்ததோ என்னவோ.

தகரம் எண்ணைத் தந்தது. சனங்களோ தங்களுக்குள் முறையைத் தந்துகொண்டார்கள். புதுசாக ஒரு ஆளைக் கண்டால் முதலில் பேர் கேட்பதில்லை. "எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்? யாரு வீட்டுப் புள்ள?" என்று போகும். கடைசியில் "அப்ப நீங்க எனக்கு என்ன மொறை?" என்று வந்து நிற்கும். எங்கேயாவது ஒரு நூல் கிடைக்கும். ஒரே கோச்சியில் வந்தார்கள், ஒரே கங்காணியின் பிரட்டில் நின்றார்கள், அக்காவை அந்தத் தோட்டத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்று ஏதாவது ஒன்று. நூல் கிடைக்காவிட்டாலும் வயதைப் பார்த்து மாமா, சித்தப்பா, அத்தை, அண்ணி என்று ஒன்று ஒட்டிவிடும். பீஜித் தீவுக்கும் கரீபியனுக்கும் மொரீசியசுக்கும் கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியர்கள், ஒரே கப்பலில் வந்தவனை 'ஜஹாஜி பாய்' என்றார்கள். கப்பல் சகோதரன் என்று அர்த்தம். உறவை விட்டு வந்தவர்கள் எல்லா இடத்திலும் உறவை உண்டாக்கியிருக்கிறார்கள்.

இந்த 'மொறை' வெறும் மரியாதைச் சொல் அல்ல. அதுவே ஒரு விளையாட்டுக்கான அனுமதிச் சீட்டு. அண்ணன் முறை என்றால் கேலி பேச முடியாது. மாமன் மச்சான் முறை, கொழுந்தியா முறை, நாத்தனார் அண்ணி முறை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் 'கேலி உறவுகள்' பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். கலியாணத்தால் பக்கத்தில் வந்தவர்களுக்குள் சண்டை வரவும் சான்ஸ் இருக்கிறது, சேர்ந்தும் வாழ வேண்டும். அந்த இழுபறியைக் கேலி தாங்கிக்கொள்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். எங்கள் அம்மாயிமார் அதை வாசிக்காமலேயே செய்தார்கள்.

நலங்கு முதல் மஞ்சத்தண்ணி வரை

பெரியவர்களுக்கான கூச்சம் உடைக்கும் விளையாட்டு தமிழில் எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் நலங்கைச் சொல்லலாம். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். அவர்களை எதிரெதிரே உட்கார வைத்துத் தேங்காய் உருட்டச் சொல்வார்கள். தலைக்கு மேல் அப்பளம் நொறுக்கச் சொல்வார்கள். தண்ணீர்ப் பானைக்குள் மோதிரத்தைப் போட்டு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டுத் தேட வேண்டும். யார் எடுத்தாலும் சிரிப்புத்தான்.

அந்தப் பானை விளையாட்டை யோசித்துப் பாருங்கள். பேச வேண்டிய தேவை இல்லை. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்வி இல்லை. கை தற்செயலாகப் படுகிறது, பார்வை மோதிரத்தில் இருக்கிறது. ரெண்டு பேருடைய கவனமும் மூன்றாவது ஒரு பொருளில் இருப்பதால் ஒருவரை ஒருவர் எடைபோடுகிற பாரம் இறங்கிவிடுகிறது. சுற்றி நிற்கிற பெண்கள் மாமியாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் சீண்டிப் பாடுவார்கள். வேறு நாளில் பேச முடியாததை அன்றைக்குப் பாட்டில் பேசிவிடலாம்.

அடுத்தது திருவிழா. மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. மச்சான், கொழுந்தியா முறையுள்ளவர்கள் விரட்டி விரட்டி மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள். வருசம் முழுக்க பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, மலையில் நிரையில் நின்று வேலை செய்கிற ஆட்கள், அன்றைக்கு வரிசையே இல்லாமல் ஓடுவார்கள்.

மாசி மாதம் காமன் கூத்து. மன்மதனைச் சிவன் எரித்த கதைதான் அது. ஆனால் மலையகத்தில் அது மேடையில் ஏறி நடிக்கிற நாடகம் அல்ல. கம்பம் ஊன்றிய நாளிலிருந்து மன்மதன் எரிகிற இரவு வரை தோட்டமே அதற்குள் இருக்கும். ரதிக்கும் மதனுக்கும் கலியாணம் நடக்கும். சனங்களே பெண் வீடாகவும் மாப்பிள்ளை வீடாகவும் பிரிந்து சம்பந்தி பேசுவார்கள், சண்டை போடுவார்கள், தப்புச் சத்தத்தில் விடிய விடிய ஆடுவார்கள். எரிந்த பிறகு ரதியோடு சேர்ந்து நிசமாகவே அழுவார்கள். முப்பது வருசம் ஒரே லயத்தில் முகம் கொடுத்துப் பேசாதவன்கூட அன்றைக்குச் சம்பந்தியாகி வந்து நிற்பான்.

சித்திரைப் புதுவருசத்து விளையாட்டுப் போட்டிகளும் இதில் சேரும். கண்ணைக் கட்டி யானைக்குக் கண் வைப்பது, பானை உடைப்பது, கயிறிழுத்தல், தேசிக்காயைக் கரண்டியில் வைத்து ஓடுவது, சங்கீதக் கதிரை. இவற்றில் சில சிங்களக் கிராமத்திலிருந்து வந்தவை, சில வெள்ளைக்காரனிடமிருந்து வந்தவை. எங்கள் தோட்டத்து மைதானத்துக்கு வந்த பிறகு எல்லாம் எங்களுடையவை. கொழுந்துக் கணக்கில் கறாராக இருக்கிற கணக்கப்பிள்ளை, கண்ணைக் கட்டிக்கொண்டு யானையின் வாலில் கண் வைப்பதைப் பார்க்கிற சந்தோசத்துக்கு ஈடு இல்லை.

கட்சி சேர்க்கவும் இதே வழி உதவியிருக்கிறது. கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் வெளியாள் நுழையவே முடியாத காலத்தில் தொழிற்சங்கம் கட்ட வந்தவர். 1931இல் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கினார். ஹட்டன்தான் அவருக்குத் தளம். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடுவார். சனங்களுக்குத் தெரிந்த மெட்டில் அவர்களுடைய கஷ்டத்தைப் பாட்டாக்கிப் பாடினார். பயந்து ஒதுங்கி நிற்கிற கூட்டத்தைப் பக்கத்தில் கொண்டுவர மேடைப் பேச்சால் முடியாது, பாட்டால் முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேள்விக்குள் இருக்கிற கத்தி

இது வரைக்கும் வாசித்துவிட்டு, 'பழைய காலம் எவ்வளவு நல்லா இருந்திருக்கு' என்று நினைத்தால் நாங்கள் கட்டுரையைப் பாதியில் நிறுத்தியவர்களாவோம். அந்த விளையாட்டுகள் ஆட்களைச் சேர்த்த மாதிரியே பிரிக்கவும் செய்தன.

'என்ன மொறை' என்ற கேள்வியைத் திரும்பப் பாருங்கள். அது எப்போதும் 'மாமா' என்றோ 'சித்தப்பா' என்றோ முடிவதில்லை. 'யாரு வீட்டுப் புள்ள', 'எந்த லயம்', 'ஊர்ல எந்தப் பக்கம்' என்று தோண்டிக்கொண்டே போனால் சாதி வந்துவிடும். தோட்டங்களில் லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்ட காலம் இருந்தது. லயத்தைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே விளங்கிக்கொள்வார்கள். சாதி தெரிந்ததும் முறை நின்றுவிடும், தண்ணிச் செம்பும் நின்றுவிடும். தப்பு அடித்தவர்கள் இல்லாமல் கூத்து இல்லை. ஆனால் அடித்தவர்களை எங்கே உட்கார வைத்தார்கள் என்பது எங்கள் தாத்தாமார் பேச விரும்பாத கதை. மஞ்சத்தண்ணி ஊற்றவும் முறை வேண்டும். அந்த முறை எல்லோருக்கும் கிடைத்ததில்லை.

பெண்களுக்கும் அப்படித்தான். காமன் கூத்தில் ரதி வேசம் கட்டுவது ஆண். பெண்கள் அழலாம், ஆட முடியாது. நலங்கில் பாடிய பெண்கள் அடுத்த நாள் விடிய பிரட்டுக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால் ரொட்டியும் தட்ட வேண்டும். விளையாடுவதற்கு நேரம் யாருக்கு இருந்தது என்று பார்த்தால் தோட்டத்தின் முழு ஏணியும் தெரியும். தொரைக்குக் கிளப், ஆம்பிளைக்குக் கூத்து, பொம்பளைக்கு மற்றவர் ஆடுவதைப் பார்க்கிற பாக்கியம்.

பிறகு அதே கேள்வியை அரசாங்கம் கேட்கத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் சனங்களிடம் கேட்டதும் 'நீ யாரு வீட்டுப் புள்ள' என்றுதான். இங்கே பிறந்தால் மட்டும் போதாது. அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்தில் பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போனதில், சுமார் 1,34,000 பேருக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு நின்றவன் கேட்டதும் "எந்த ஊர்? எங்க போற? யாரைப் பார்க்க?" என்பதுதான்.

எங்கள் குழுவில் ஒருவரின் பெரியப்பா குடும்பம் ஒப்பந்தத்தில் இந்தியா போய் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறது. அங்கே அவர்களுக்கு 'சிலோன்காரங்க' என்று பேர். அவர் சொன்னார், அங்கே பஸ்ஸில் யாராவது எங்கள் பேச்சு பேசினால் உடனே "எந்தத் தோட்டம்?" என்று கேட்டுவிடுவாராம். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பேரைச் சொன்னால் கண் கலங்கிவிடும். ஆக, ஒரே கேள்வி மூன்று வேலை செய்திருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு அது உறவு. சாதி பார்க்கிறவனுக்கு அது அளவுகோல். அரசாங்கத்துக்கு அது கத்தி.

அக்கா அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டார் என்பது எங்களுக்கு இப்போது கொஞ்சம் விளங்குகிறது. வெளியிலிருந்து வந்த ஒருவர், அதிகாரம் உள்ள இடத்தில் நின்றுகொண்டு, தான் ஆடாமல், 'நீ யார் என்று சொல், மிருகம் மாதிரி கத்து' என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வட்டத்தில் சிரிப்பதற்கு ஆகும் செலவு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. கொழும்பிலிருந்து வந்தவர் குரங்கு மாதிரி கத்தினால் அவர் ஜாலியான ஆள். லயத்துப் பெண் கத்தினால், அவளை ஏற்கனவே அப்படிக் கூப்பிட்டவர்களின் குரல் அவள் காதில் கேட்கும்.

அப்படியென்றால் நாங்கள் என்ன செய்கிறோம்?

விளையாட்டே வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுக்கவில்லை. கூட்டம் கூட்டினால் பொடியன்கள் ஒரு மூலை, பிள்ளைகள் ஒரு மூலை, பெரியவர்கள் கதவுப் பக்கம் என்று உறைந்துதான் உட்காருகிறோம். உடைக்கத்தான் வேண்டும். எங்களில் ரெண்டு பேர் பத்தனையில் இருக்கிற ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து ஆசிரியரானவர்கள். வகுப்பில் விளையாட்டு என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களோடு உட்கார்ந்து நாலு விசயம் பேசி முடிவு பண்ணினோம்.

ஒன்று, ஊர், லயம், அப்பா பேர், கலியாணம் ஆகிவிட்டதா என்று எதுவும் விளையாட்டில் கேட்பதில்லை. அவரவர் சொல்ல விரும்பினால் பிறகு சொல்லட்டும். ரெண்டு, நடத்துகிறவர் முதலில் ஆட வேண்டும், முதலில் தோற்கவும் வேண்டும். மூன்று, 'நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்' என்று சொல்கிற உரிமை எல்லோருக்கும் உண்டு, காரணம் கேட்கக் கூடாது. நாலு, முடிந்தவரை நலங்குப் பானை மாதிரி இருக்க வேண்டும். அதாவது ரெண்டு பேரும் பார்க்கிறது மூன்றாவது ஒரு பொருளை.

இந்த நாலையும் வைத்து நாங்களே ஒரு விளையாட்டுக் கட்டினோம். துண்டுக் கடதாசிகளில் முறைகளை எழுதி ஒரு கொழுந்துக் கூடையில் போடுவோம். மாமியார், மருமகள். மச்சான், மச்சான். நாத்தனார், அண்ணி. சம்பந்தி, சம்பந்தி. ஆளுக்கொரு துண்டு எடுத்து, சத்தம் போட்டுத் தன் சோடியைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு ரெண்டு நிமிசம் அந்த முறைப்படி கேலி பேச வேண்டும். அவ்வளவுதான். பத்தொன்பது வயதுப் பொடியன் மாமியாராகி விடுவான், அறுபது வயது ஐயா அவனுக்கு மருமகளாகி "மாமி, ரொட்டி கருகிப்போச்சு" என்று தலையைக் குனிவார். முறையைத் தீர்மானிப்பது கூடை. லயமும் இல்லை, ரத்தமும் இல்லை, சாதியும் இல்லை. எங்கள் சனங்கள் கண்டுபிடித்த கேலியை எடுத்துக்கொண்டோம், அதற்குள் இருந்த கத்தியைக் கழற்றிவிட்டோம் என்று நம்புகிறோம். முழுக்கக் கழன்றுவிட்டதா என்று தெரியாது. விளையாட்டு முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது பழைய கேள்வி திரும்ப வரத்தான் செய்கிறது. ஆனால் அதற்குள் ரெண்டு பேரும் ஒருதரம் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு செம்பை மறைப்பது கொஞ்சம் கஷ்டம்.

2023இல் மலையகம் 200ஐ முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த பாதையில் சனங்கள் நடந்தார்கள். ஜூலை கடைசியில் கிளம்பி ஆகஸ்டில் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வெவ்வேறு மாவட்டத்திலிருந்து, வெவ்வேறு சமயத்திலிருந்து வந்தவர்கள். வழியில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்ச் சனங்கள் தண்ணியும் சாப்பாடும் கொடுத்தார்கள். அங்கே யாரும் ஐஸ் பிரேக்கர் நடத்தவில்லை. ஒரே திசையில் சேர்ந்து நடந்தார்கள், அது போதுமாக இருந்தது. நல்ல விளையாட்டும் அப்படித்தான். 'நீ எங்கிருந்து வந்தாய்' என்று கேட்காமல், 'இப்ப சேர்ந்து எங்க போறோம்' என்று கேட்கும்.

போன தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு நாங்கள் நடத்திய கூட்டத்துக்கு அந்த அக்காவும் வந்திருந்தார். கூடையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "இதுல மிருகம் ஒன்னும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றோம். துண்டை எடுத்தார், 'சம்பந்தி' என்று வந்தது. அவருக்குச் சோடியாக வந்தது எங்களில் ஆகக் கூச்சப்படுகிற பொடியன். "என்னா சம்பந்தி, கலியாணத்துக்கு ஒரு பொட்டி வெத்தலைகூடக் கொண்டாராம வந்து நிக்கிறீங்க" என்று அவர் ஆரம்பித்ததும் மண்டபம் சிரித்த சிரிப்பில், பொடியன் தான் கூச்சப்படுகிறவன் என்பதையே மறந்து பதில் சொன்னான்.

உங்கள் வீட்டு அம்மாயி, அப்பாயி, தாத்தாமாரிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாத ஆட்கள் கூடிய இடத்தில், மலையிலோ ஸ்டோர் வாசலிலோ இழவு வீட்டு இரவிலோ, அவர்கள் என்ன விளையாடினார்கள்? யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், யாரைச் சேர்க்கவில்லை? ரெண்டையும் எழுதி அனுப்புங்கள். கூடையில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.